நெல்லுக்குள் சிலிக்கான்: சித்தப்பா வாங்கிய பாட்டிலும், விற்ற வைக்கோலும்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களை வெட்டி, கணக்குகளை ஒருமுறை சரிபார்த்துப் போட்டிருக்கிறோம். பேச்சு நடையை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோடு ஒரு வாட்ஸ்அப் மெசேஜ்ல ஆரம்பிக்குது.

போன மார்கழி கடைசியில மன்னார்குடி பக்கத்துல இருக்கிற சித்தப்பா ஒரு போட்டோ அனுப்பினார். சம்பா பயிர், பிபிடி 5204, நாலு ஏக்கர். கதிர் வெளிய வந்திருக்கு. ஆனா கதிருக்குக் கீழ கழுத்து மாதிரி இருக்கிற கணு கறுத்துப்போய், கதிர் வெளுத்து ஒடிஞ்சு தொங்குது. கழுத்துக் குலை நோய். அந்தக் கழுத்து வழியாத்தான் கதிருக்குத் தண்ணியும் சத்தும் போகணும். அது அடைபட்டா நெல்மணி பால் பிடிக்காது, மொத்தமும் சாவியாப் போயிடும்.

அடுத்த போட்டோ ஒரு பாட்டில். கீழ வாய்ஸ் மெசேஜ்: "தம்பி, கடைக்காரர் இதை அடிக்கச் சொல்றாருடா. சிலிக்கானாம். உங்க கம்ப்யூட்டர்ல இருக்கிற அதே சிலிக்கானா?"

எனக்கு முதல்ல சிரிப்புதான் வந்துச்சு. சிப்புக்குள்ள இருக்கிறதை எதுக்கு வயல்ல அடிக்கணும்? அன்னைக்கு ராத்திரி தேட ஆரம்பிச்சேன். சில வாரம் அது என்னை விடலை. சித்தப்பா கேள்வியை ரெண்டாப் பிரிச்சுக்கிட்டேன். ஒண்ணு, சிலிக்கான் நிஜமாவே நெல் நோயைக் குறைக்குமா? ரெண்டு, இந்த பாட்டில் இந்தப் பயிரைக் காப்பாத்துமா? முதல் கேள்விக்கு பதில் ஆமாம். ரெண்டாவதுக்கு பதில் இல்லை. இந்த ரெண்டு பதிலும் ஒரே நேரத்துல எப்படி உண்மையா இருக்க முடியும்கிறதுதான் இன்னைக்கு விஷயம்.

மண்ணு முழுக்க இருக்கு, ஆனா செடி கைக்கு வராது

பூமியோட மேலோட்டுல ஆக்சிஜனுக்கு அடுத்து அதிகமா இருக்கிற தனிமம் சிலிக்கான். எடையில சுமார் 28 சதவீதம். ஆத்து மணல், களிமண், கருங்கல் எல்லாத்துலயும் இருக்கு. அப்போ வயல்ல சிலிக்கான் பற்றாக்குறைன்னு யாராவது சொன்னா, கடல்ல தண்ணி இல்லைன்னு சொல்ற மாதிரி இருக்கும்.

ஆனா செடியால மணலைச் சாப்பிட முடியாது. தண்ணியில கரைஞ்ச மோனோசிலிசிக் அமிலம்கிற ஒரே வடிவத்துலதான் வேர் அதை எடுக்கும். மணல்ல இருக்கிற சிலிக்கா அந்த வடிவத்துக்குக் கரைஞ்சு வர்றது ரொம்ப ரொம்ப மெதுவா நடக்கும். ஃபிக்ஸட் டெபாசிட்ல கோடி ரூபா கிடக்கு, ஆனா சேவிங்ஸ் அக்கவுண்ட்ல நூறு ரூபாதான்னு வெச்சுக்கங்க. செடிக்குக் கிடைக்கிற அந்தக் கையிருப்பு, மண்ணைப் பொறுத்து மாறும். மணற்பாங்கான மண்ணு, காலம் காலமா மழையில அலசப்பட்ட செம்மண், கேரளா பக்கம் இருக்கிற லேட்டரைட் மண்ணு, இலைதழை மக்கி உண்டான சேத்து மண்ணு, இதுலல்லாம் குறைவா இருக்கும். கனமான களிமண்ணுல கொஞ்சம் தேவலை.

நெல்லு எவ்வளவு எடுக்குது?

இங்கதான் எனக்கு முதல் ஆச்சரியம். எல்லாச் செடியும் சிலிக்கானை ஒரே மாதிரி எடுக்காது. தக்காளி கிட்டத்தட்ட கண்டுக்கவே கண்டுக்காது. நெல்லு அள்ளும். காய்ஞ்ச நெற்பயிரோட எடையில 10 சதவீதம் வரைக்கும்கூட சிலிக்கான் இருக்கலாம்.

ஹெக்டேருக்கு 5 டன் நெல்லு விளையுற பயிர், மண்ணுலேர்ந்து சுமார் 230-லிருந்து 470 கிலோ வரை சிலிக்கானை எடுக்குதுன்னு ஆய்வுகள் சொல்லுது. ஏக்கர் கணக்குக்கு மாத்தினா ஏறத்தாழ 90-லிருந்து 190 கிலோ. அதே பயிர் ஏக்கருக்கு எடுக்கிற தழைச்சத்து சுமார் 40 கிலோதான். யூரியாவுக்கு நாம வரிசையில நிக்கிறோம். அதைவிட ரெண்டு மடங்குக்கு மேல வயலை விட்டுப் போற ஒரு பொருளோட பேரே நமக்குத் தெரியாது.

நெல்லு எப்படி இவ்வளவு எடுக்குதுன்னு கண்டுபிடிச்ச கதை, நம்ம ஃபீல்டுல இருக்கிறவங்களுக்குப் பிடிக்கும். ஜப்பான்ல ஒகயாமா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜியான் ஃபெங் மா குழு, ஜெர்மானியத்தைக் கையில எடுத்தது. ஆமா, ஆரம்ப கால டிரான்சிஸ்டர்ல இருந்த அதே ஜெர்மானியம். தனிம அட்டவணையில சிலிக்கானுக்கு நேர் கீழ இருக்கு. நெல்லால ரெண்டையும் பிரிச்சுப் பார்க்க முடியாது. சிலிக்கான்னு நினைச்சு ஜெர்மானியத்தை இழுத்துக்கும், அப்புறம் இலையில பழுப்புப் புள்ளி விழும். அதனால மரபணு மாற்றம் அடைஞ்ச நாத்துகளுக்கு ஜெர்மானியம் கொடுத்துப் பார்த்தாங்க. எந்த நாத்து நல்லா இருக்கோ, அதுக்கு சிலிக்கான் எடுக்கிற கதவே இல்லைன்னு அர்த்தம்.

அந்தக் கதவுக்கான மரபணுவுக்கு எல்எஸ்ஐ1-ன்னு பேர் வெச்சாங்க. 2006-ல நேச்சர் இதழ்ல வந்தது. அடுத்த வருஷம் எல்எஸ்ஐ2. வேர் செல்லோட வெளிப்பக்கம் இருக்கிற முதல் கதவு சிலிக்கானை உள்ள விடும். உள்பக்கம் இருக்கிற ரெண்டாவது அதைச் சாறு ஓடுற குழாய்ப் பக்கம் தள்ளும். முதல் கதவு பழுதான நெல்லை வயல்ல நட்டப்போ, விளைச்சல் சாதாரண நெல்லோட ஏறத்தாழ பத்துல ஒரு பங்குக்கு இறங்கிடுச்சு. பூச்சியும் நோயும் கூடுதலா தாக்குச்சு.

பூஞ்சை எப்படி உள்ள நுழையுது?

குலை நோயைக் கொண்டுவர்றது ஒரு பூஞ்சை. அதோட வித்து இலை மேல பனி ஈரத்துல ஒட்டிக்கும். முளைச்சு, நுனியில ஒரு குமிழ் மாதிரி உறுப்பை உண்டாக்கும். அந்தக் குமிழுக்குள்ள அழுத்தம் 80 வளிமண்டல அழுத்தம் வரைக்கும் ஏறும். கார் டயர்ல இருக்கிறதைப்போல சுமார் 35 மடங்கு. அந்த வேகத்துல ஒரு முளையைக் கீழ இறக்கி இலைத் தோலைத் துளைக்கும். ராத்திரி குளிர்ச்சி, காலையில பனி, இடையில தூறல், இதெல்லாம் சேர்ந்த மார்கழி அதுக்குத் தோதான மாசம். அதுலயும் பிபிடி 5204 குலை நோய்க்கு எளிதில் ஆட்படுற ரகம்.

இந்த நோய்க்கு அதிகம் பயன்படுற டிரைசைக்ளசோல் மருந்து என்ன பண்ணுதுன்னா, அந்தக் குமிழுக்கு உறுதி தர்ற மெலனின்கிற கருநிறமியைப் பூஞ்சை தயாரிக்க விடாது. மெலனின் இல்லைன்னா குமிழ்ல அழுத்தம் ஏறாது. சிலிக்கான் எதிர்ப்பக்கத்துலேர்ந்து வேலை செய்யுது, அதாவது துளைக்கப்படுற தோலை கெட்டியாக்குது. இலைத் தோலோட மேல்பூச்சுக்கு அடியில சிலிக்கா ஒரு படலமா படியும். 1962-லேயே யோஷிடா என்கிற ஜப்பானிய ஆய்வாளரும் கூட இருந்தவங்களும் அந்தப் படலத்தை அளந்தாங்க. சுமார் 2.5 மைக்ரான் தடிமன். மேல இருக்கிற மெழுகுப் பூச்சோ வெறும் 0.1 மைக்ரான்.

ரொம்ப நாள் இந்தச் சுவர்தான் முழுக் கதைன்னு நினைச்சாங்க. பிறகு வந்த ஆய்வுகள்ல இன்னொண்ணு தெரிய வந்தது. சிலிக்கான் கிடைச்ச நெல்லு, பூஞ்சை தாக்கும்போது மோமிலாக்டோன் மாதிரியான தற்காப்புப் பொருள்களை அதிகமா சேர்க்குது. சுவருக்கும் ரசாயனத்துக்கும் பங்கு எவ்வளவுன்னு ஆய்வாளர்களுக்குள்ள விவாதம் இன்னும் முடியலை. நோய் குறையுதுங்கிறதுல மட்டும் சண்டை இல்லை.

இன்னும் ஒரு விஷயம் இருக்கு, சித்தப்பா கேள்விக்கு இதுதான் முக்கியம். இலையில ஒருமுறை சிலிக்காவா இறுகிப் படிஞ்சது அங்கேயே கிடக்கும். தழைச்சத்தை மாதிரி பழைய இலையிலேர்ந்து புது இலைக்கு நகராது. அதனால ஒவ்வொரு புது இலைக்கும், கடைசியா வர்ற கதிருக்கும் கழுத்துக்கும், வேர் புதுசா எடுத்துக் கொடுக்கணும். கதிர் உருவாகத் தொடங்கின நாள்லேர்ந்து கதிர் வெளிவர்ற வரைக்கும்தான் நெல்லு சிலிக்கானை அதிகமா இழுக்குது. கழுத்து கறுத்த பிறகு கொடுக்கிறது வெள்ளம் வடிஞ்சப்புறம் கரை போடுறதுக்குச் சமம்.

ஜப்பான் கணக்கு, தஞ்சாவூர் கணக்கு

இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. 1917-ல ஜப்பான்ல ஓனோடெரான்னு ஒரு ஆய்வாளர், குலை நோய் வந்த பயிரையும் அதே பகுதியில நல்லா இருந்த பயிரையும் ரசாயனப் பரிசோதனை பண்ணினார். நோயாளிப் பயிர்ல சிலிக்கான் குறைவு. ரெண்டே வருஷம் கழிச்சு, 1919-ல, நம்ம தஞ்சாவூர் டெல்டாவுல குலை நோய் பெரிய அளவுல பரவி அழிச்சது. இந்தியாவுல இந்த நோயைப் பத்திப் பேசுற பாடப்புத்தகங்கள் இன்னைக்கும் அந்தப் பரவலைக் குறிப்பிடுது.

ஜப்பான் அந்தத் தடயத்தை விடாமப் பிடிச்சுது. இரும்பு உருக்கும்போது கழிவா வர்ற கசடுல கால்சியம் சிலிகேட் இருக்கு. அதை அரைச்சு வயல்ல போட்டுப் பார்த்து, 1955-ல அரசே அதை சிலிகேட் உரம்னு அங்கீகரிச்சுது. அமெரிக்காவுல ஃப்ளோரிடாவின் எவர்கிளேட்ஸ் பகுதியில, சிலிக்கான் குறைவான சேத்து மண்ணுல, லாரன்ஸ் டாட்னாஃப் குழு கால்சியம் சிலிகேட் கசடு போட்டுப் பார்த்தது. குலை நோயும் செம்புள்ளி நோயும் குறைஞ்சுது, விளைச்சல் ஏறுச்சு. ஒருமுறை போட்டதோட பலன் அடுத்த வருஷமும் மிச்சம் இருந்துச்சு. கொலம்பியாவுல மானாவாரி நெல்லுல, சிலிக்கானோட சேர்த்தா பூஞ்சைக்கொல்லியைக் குறைச்ச அளவுல அடிச்சாலே போதும்னு காட்டினாங்க.

அந்தக் கடைசி வரி சின்ன விஷயம் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2017-ல, அரிசியில டிரைசைக்ளசோல் எச்சம் கிலோவுக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல இருக்கக்கூடாதுன்னு வரம்பை இறக்கினப்போ, இந்தியாவோட பாஸ்மதி ஏற்றுமதி ஆடிப்போச்சு. ஒரு தடவை தெளிக்கிறது மிச்சமானாலும் விவசாயிக்குக் காசு மிச்சம், நம்ம தட்டுக்கும் நல்லது.

அப்போ நம்ம ஊர்ல ஏன் யாரும் பேசலை? ஒரு காரணம் பட்டியல். ஒரு செடிக்கு எது அத்தியாவசியச் சத்துன்னு முடிவு பண்ற விதியை 1939-ல ஆர்னான், ஸ்டௌட்னு ரெண்டு பேர் வகுத்தாங்க. அது இல்லாம செடி தன் வாழ்க்கைச் சுற்றை முடிக்கவே கூடாதுங்கிறது அதுல ஒரு நிபந்தனை. சிலிக்கான் இல்லாமலும் நெல்லு எப்படியோ பூத்துக் காய்ச்சிடும். அதனால பட்டியல்ல சேரலை. இந்தியாவோட மண்வள அட்டையில 12 அளவுகள் இருக்கு. தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், போரான் எல்லாம் உண்டு. சிலிக்கான் இல்லை. அளக்காத ஒண்ணு குறைஞ்சா யாருக்குத் தெரியும்?

விளைச்சல் ஏறுமா?

ஏறும், ஆனா கவனமா கேட்கணும். சிலிக்கான் தழைச்சத்து மாதிரி பயிரைத் தள்ளி வளர்க்கிற சத்து இல்லை. இலையை நிமிர்த்தி வைக்கும், அதனால கீழ் இலைக்கும் வெயில் கிடைக்கும். தண்டை உறுதியாக்கும், காத்து மழையில பயிர் சாயுறது குறையும். யூரியா கொஞ்சம் கூடினா இலை தொங்கி நோயைக் கூப்பிடும் இல்லையா, அந்தப் பாதிப்பை ஓரளவு தாங்கும். குருத்துப்பூச்சிப் புழுவுக்குத் தண்டைக் கடிக்கிறது சிரமமாகும். ஆக, இழக்கிறது குறையுது. நோயும் இல்லை, சாயலும் இல்லை, மண்ணுலயும் கையிருப்பு தாராளம்னா, வித்தியாசம் பெருசா தெரியாது. சர்வர்ல லோடே இல்லாத நாள்ல பேக்கப்போட அருமை தெரியாத மாதிரி.

கூடுதலா ஒரு லாபம். 2008-ல மா குழு இன்னொண்ணு காட்டினாங்க. தண்ணி நிக்கிற வயல்ல ஆர்செனிக் நெல்லுக்குள்ள போறதும் இதே ரெண்டு கதவு வழியாத்தான். சிலிக்கான் போதுமான அளவு இருந்தா வரிசையில அது முந்திக்கும். வங்காளத்துல ஆர்செனிக் கலந்த நிலத்தடி நீர் பாய்ச்சுற இடங்களுக்கு இது உயிர் போற விஷயம்.

பாட்டில் கணக்கு

இப்போ அந்த பாட்டிலுக்கு வருவோம். லேபிள்ல 2 சதவீதம்னு போட்டிருந்துச்சு. ஒரு லிட்டர்ல அதிகபட்சம் 20 கிராம். ஒரு ஏக்கர் பயிர் எடுக்கிறது 100 கிலோவுக்கு மேல. அஞ்சாயிரத்துல ஒரு பங்கு.

நியாயமா இன்னொரு பக்கமும் சொல்லணும். இலைவழி சிலிசிக் அமிலம் முழு ஏமாத்துன்னு சொல்ல முடியாது. பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகம் நெல்லுல இதைச் சோதிச்சு, பயிர் சின்னதா இருக்கும்போதே பல தடவை தெளிச்சா பலன் கிடைச்சதாப் பதிவு பண்ணியிருக்கு. ஆனா அது நோய் வர்றதுக்கு முன்னாடி. கழுத்து கறுத்த வயல்ல நோய்க்கு மருந்துன்னு விக்கிறது வேற. அந்த நிலையில எந்த மருந்தும் ஒடிஞ்ச கதிரைத் திருப்பித் தராது. சித்தப்பா நாலு ஏக்கருக்கும் அடிச்சார். ஒண்ணும் ஆகலை.

வயலை விட்டுப் போனது எங்க இருக்கு?

நெல்லு எடுத்த சிலிக்கான்ல பெரும்பகுதி வைக்கோல்லயும் உமியிலயும் இருக்கு. நாம சாப்பிடுற அரிசியில கொஞ்சம்தான். ஏக்கருக்கு 2 டன் வைக்கோல், அதுல 5 சதவீதம் சிலிக்கான்னா 100 கிலோ. சித்தப்பா அறுவடை முடிஞ்சதும் பேலர் மெஷினை விட்டு வைக்கோலைக் கட்டுக் கட்டா லாரியில ஏத்தி அனுப்பிடுறார். வருஷா வருஷம். நெல்லு ஆலைக்குப் போகுது, உமி அங்க பாய்லர்ல எரியுது.

"அப்போ வைக்கோலை விக்கவே கூடாதா?"ன்னு கேட்டார். "அறுவடை மெஷின் வாடகையே அந்தக் காசுலதான்டா தம்பி குடுக்கிறேன்."

இதுக்கு என்கிட்ட சுலபமான பதில் இல்லை. பேசிப் பேசி வந்து நின்ன இடம் இது.

ஒண்ணு, அறுவடையில நிக்கிற தாளை எரிக்காம மடக்கி உழணும். நடவுக்கு சில வாரம் முன்னாடியே உழணும். இல்லைன்னா மக்கும்போது தழைச்சத்தை மண்ணுல இருக்கிற நுண்ணுயிர்கள் பிடிச்சு வெச்சுக்கும், நாத்து வெளுக்கும். தண்ணி கட்டின பிறகு மக்கினா மீத்தேனும் கூடும். குலை நோய் வந்த வயல் வைக்கோலை அப்படியே போடக்கூடாது. பூஞ்சை அதுல தங்கும். குவிச்சு நல்லா சூடேற மக்க வெச்சு உரமாப் போடணும்.

ரெண்டு, உமிச்சாம்பல். ஒரு டன் நெல்லுல சுமார் 200 கிலோ உமி, அதுல சுமார் 40 கிலோ சாம்பல். சாம்பல்ல 85 சதவீதத்துக்கு மேல சிலிக்கா. ஆனா எல்லாச் சாம்பலும் ஒண்ணு இல்லை. 700 டிகிரிக்கு மேல எரிஞ்சா சிலிக்கா படிகமா மாறி, மணலை மாதிரி கரையாமக் கிடக்கும். மூட்டமா, குறைஞ்ச சூட்டுல கருகின கறுப்பு உமிக்கரிதான் செடிக்குச் சீக்கிரம் உதவும்.

மூணு, கடையில வாங்குறதுன்னா அடியுரமா மண்ணுல போடுற கால்சியம் சிலிகேட். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தோட கையேடு ஹெக்டேருக்கு 120-லிருந்து 200 கிலோ சொல்லுது, ஏக்கருக்கு 50-லிருந்து 80 கிலோ. ஆலைக் கசடுன்னா டன் கணக்குல போகும். அது சுண்ணாம்புத்தன்மை உள்ளது, சிலதுல கன உலோகங்களும் இருக்கலாம். பரிசோதனை அறிக்கை இல்லாம, ஏற்கெனவே களர் தட்டின நிலத்துல கொட்டக் கூடாது.

இதெல்லாம் ஒரே போகத்துல பலன் தந்துடாது. வைக்கோல்ல இருக்கிற சிலிக்கா கரைஞ்சு வர வருஷங்கள் ஆகும். ரகம் மாத்துறது, யூரியாவைப் பிரிச்சுப் போடுறது, தேவைப்பட்டா சரியான நேரத்துல பூஞ்சைக்கொல்லி, இதுக்கெல்லாம் பதிலா சிலிக்கான் வராது. கூட நிக்கும்.

சித்தப்பா கடைசியில நாலுல ஒரு ஏக்கருக்குச் சம்மதிச்சார். மேட்டுப்பக்கம் இருக்கிற மணல் கலந்த துண்டு. அதுல தாளை மடக்கி உழுதாச்சு. பக்கத்து ஊர்ல பழைய மாதிரி உமி மூட்டம் போடுற ஒருத்தர்கிட்டேர்ந்து உமிக்கரி வாங்கி நாத்தங்கால்லயும் நடவு வயல்லயும் போட்டாச்சு. அந்த ஏக்கரை நடுவுல வரப்பு கட்டி ரெண்டாப் பிரிக்கச் சொன்னேன். ஒரு பாதி அப்படி, ஒரு பாதி வழக்கம்போல. ரகம், யூரியா, நட்ட நாள் எல்லாம் ரெண்டுக்கும் ஒண்ணு. "உங்க ஆபீஸ் வேலையை என் வயல்ல பண்றியா?"ன்னு கேட்டுட்டு, வரப்பைக் கட்டிட்டார்.

ஒரு வயல், ஒரு போகம், அதை வெச்சு எதையும் நிரூபிக்க முடியாது, தெரியும். ஆனாலும் வர்ற தை அறுவடையில ரெண்டு பாதியையும் தனித்தனியா எடை போட்டு, என்ன வந்தாலும் இங்க சொல்றேன். உங்க வீட்டுல யாராவது நெல்லு போடுறாங்கன்னா, வைக்கோல் எங்க போகுதுன்னு ஒரு போன் பண்ணிக் கேட்டு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.